எடைக்குறைப்பு ஊசியில் தசையும் கரைகிறதா? விவாதம்

தசைக்காவலன்
என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செமாக்ளூடைட், டிர்ஸெபடைட் போன்ற எடைக்குறைப்பு ஊசிகளை வலுப்பயிற்சித் (எடை தூக்கும் பயிற்சி) திட்டம் எதுவும் இல்லாமல் எழுதிக் கொடுப்பது தவறு. 2021-இல் வெளியான ஸ்டெப் 1 ஆய்வில் வாரம் 2.4 மி.கி. செமாக்ளூடைட் போட்டுக்கொண்டவர்கள் 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீதம் எடை குறைந்தார்கள். அது எல்லோருக்கும் தெரியும். அதே ஆய்வில் 140 பேருக்கு, உடலில் கொழுப்பு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தார்களே, அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. ஊசிக் குழுவில் கொழுப்பு 8.36 கிலோ போயிற்று, கொழுப்பற்ற நிறை 5.26 கிலோ போயிற்று. போனதில் கிட்டத்தட்ட 39 சதவீதம் கொழுப்பு அல்ல. உணவுக் கட்டுப்பாட்டில் எடை குறையும்போது கால் பங்கு அப்படிப் போகும் என்பது பழைய கணக்கு. இது அதையும் தாண்டுகிறது. வயதானவர்களுக்கு இந்த இழப்பை யார் திருப்பித் தருவார்கள்?

எண்ணும்எழுத்தும்
எண்கள் சரி. அவற்றுக்கு நீங்கள் கொடுக்கும் பொருள்தான் சரியில்லை. டெக்ஸாவில் வரும் 'கொழுப்பற்ற நிறை' தசை மட்டும் அல்ல. ஈரல், குடல், இரத்தம், திசுக்களில் உள்ள நீர், கிளைக்கோஜன் (ஈரலிலும் தசையிலும் சேமித்து வைக்கப்படும் சர்க்கரை) எல்லாம் அதில்தான் சேரும். எலும்புத் தசை அதில் ஏறக்குறைய பாதிதான்.

இன்னொன்றும் உண்டு. கொழுப்புத் திசு முழுக்கக் கொழுப்பு அல்ல. அதில் சுமார் 15 சதவீதம் நீரும் புரதமும். 8.36 கிலோ கொழுப்பு போக வேண்டுமானால் சுமார் 9.8 கிலோ கொழுப்புத் திசு சுருங்க வேண்டும். அந்தத் திசுவோடு ஏறக்குறைய 1.5 கிலோ 'கொழுப்பற்ற நிறை' தானாகவே போய்விடும். 5.26-இல் அதைக் கழித்தால் மிச்சம் 3.8 கிலோ. அதிலும் ஈரல் சுருங்கியது, இரத்த அளவு குறைந்தது எல்லாம் கலந்திருக்கிறது. '5 கிலோ தசை கரைந்தது' என்று எழுதுபவர்கள் இந்தக் கழித்தலைச் செய்வதே இல்லை.

டிர்ஸெபடைட் ஆய்வான சர்மவுண்ட் 1-ஐயும் பாருங்கள். 160 பேருக்கு ஸ்கேன். ஊசிக் குழுவில் கொழுப்பு 33.9 சதவீதம் குறைந்தது, கொழுப்பற்ற நிறை 10.9 சதவீதம். போன எடையில் முக்கால் பங்கு கொழுப்பு. போலி ஊசிக் குழுவில் (ஒப்பிடுவதற்காக மருந்தில்லா ஊசி போடப்பட்டவர்கள்) குறைந்த சிறிதளவு எடையிலும் விகிதம் ஏறக்குறைய அதேதான். மருந்து தனியாகத் தசையைத் தின்னவில்லை. எடை குறைந்தால் நடப்பது நடந்தது.

தசைக்காவலன்
கழித்தலை ஏற்கிறேன், நல்ல கணக்கு. ஆனால் நீர், கிளைக்கோஜன் சாக்கு முதல் சில வாரங்களுக்குத்தான் செல்லும். ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் 3 கிராம் நீர் ஒட்டியிருக்கும் என்பதால் ஆரம்பத்தில் எடைக்கருவியின் முள் சடசடவென்று இறங்கும். 68-ஆவது வாரத்திலும் அதையே சொல்ல முடியாது. உங்கள் 3.8 கிலோவில் பாதி தசை என்று வைத்தாலும் கிட்டத்தட்ட 2 கிலோ வருகிறது. வழக்கமான முதுமையில் அவ்வளவு தசை குறையப் பல ஆண்டுகள் ஆகும்.

'எடை குறைந்தால் நடப்பதுதான்' என்பது சமாதானமே ஆகாது. பழைய முறையில் 5 சதவீதம் குறைந்தார்கள், இப்போது 15, 20 சதவீதம் குறைகிறார்கள். விகிதம் மாறாவிட்டாலும் போகும் கிலோ மூன்று, நான்கு மடங்கு.

எண்ணும்எழுத்தும்
அப்படியானால் தசையின் வேலையைப் பார்ப்போம். பருமனோடு வாழ்பவர்களுக்குக் கூடுதல் எடையைச் சுமக்கும் தேவையால் தசையும் கூடுதலாகவே இருக்கும். சுமை குறைந்தால் சுமப்பதும் கொஞ்சம் குறையும். அந்தத் தசைக்குள் கொழுப்பும் ஊடுருவியிருக்கும். 2025-இல் வெளியான சர்பாஸ் 3 எம்ஆர்ஐ பகுப்பாய்வில், டிர்ஸெபடைட் எடுத்த நீரிழிவு நோயாளிகளின் தொடைத் தசையின் கன அளவு, குறைந்த எடைக்கு எதிர்பார்க்கக்கூடிய அளவுக்கே குறைந்தது. தசைக்குள் இருந்த கொழுப்போ எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் குறைந்தது.

இதயச் செயலிழப்போடு பருமனும் உள்ள 529 பேரிடம் 2023-இல் நடந்த ஆய்வில், செமாக்ளூடைட் எடுத்தவர்கள் 6 நிமிட நடையில் 21.5 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள், போலி ஊசிக்காரர்கள் 1.2 மீட்டர். தசை அழிந்து முடங்கியிருந்தால் இப்படி நடக்க முடியாது.

இரும்புக்கம்பி
நடைத் தேர்வை வச்சு தசை நல்லா இருக்குன்னு முடிவு கட்டாதீங்க. 110 கிலோ சுமந்தவர் 95 கிலோ சுமந்தா தூரம் கூடத்தான் செய்யும். நாற்காலித் தேர்வும் அப்படித்தான். 5 தடவை எழுந்து உட்காரும் நேரம் எடை குறைஞ்சாலே குறையும், தசை ஒரு துளி கூடலைன்னாலும். அதனால உடம்பு எடை கலக்காத ஒரு தேர்வு கூடவே வேணும்: கைப்பிடி வலு, இல்ல கால் அழுத்தும் கருவியில கிலோ கணக்கு. 'உடல் எடைக்கு எத்தனை மடங்கு தூக்குறார்'னு விகிதமா எழுதாதீங்க, அது எப்பவும் அழகாத்தான் காட்டும். தூக்கின கிலோவை அப்படியே எழுதுங்க.

பிடி வலு அளக்கும்போது உட்கார்ந்து, முழங்கையை 90 பாகை மடக்கி, ஒவ்வொரு கைக்கும் 3 முறை, அதுல அதிகமானது. ஐரோப்பிய வரையறையில ஆண்களுக்கு 27 கிலோவுக்குக் கீழ, பெண்களுக்கு 16 கிலோவுக்குக் கீழ போனா சார்கோபீனியான்னு (வயசாகும்போது தசையும் வலுவும் குறையுற நோய்) சந்தேகப்படணும். ஆசியக் குழுவோட 2019 வரையறையில 28, 18. நாற்காலித் தேர்வுல கை ரெண்டையும் மார்போட கட்டிக்கணும், நாற்காலி 43-45 செ.மீ. உயரம் இருக்கணும், சுவரோட ஒட்டி வைக்கணும். போன தடவை ஒரு நாற்காலி, இந்தத் தடவை இன்னொன்னுன்னு மாத்தினா அந்த எண்ணுக்கு மதிப்பே கிடையாது. நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான்.

எண்ணும்எழுத்தும்
நியாயமான திருத்தம். நடைத் தேர்வு தசையின் சான்று அல்ல என்பதை ஏற்கிறேன். ஆனால் நோயாளிக்கு வேண்டியது தன் உடம்பைத் தூக்கி நடப்பதுதானே? சுமை குறைந்து அதனால் நடை கூடினாலும் அது உண்மையான நன்மைதான். 17,604 பேரைப் பின்தொடர்ந்த செலெக்ட் ஆய்வில் செமாக்ளூடைட் எடுத்தவர்களுக்கு இதய, மூளை இரத்தநாள விபரீதங்கள் 20 சதவீதம் குறைந்தன. தசை பயத்தைக் கிளப்பி மக்களை இந்த மருந்திலிருந்து விரட்டக் கூடாது என்பதே என் கவலை.

தசைக்காவலன்
நான் யாரையும் விரட்டவில்லை. என் கவலையே ஊசியை நிறுத்திய பிறகு வருவதுதான். ஸ்டெப் 1 நீட்டிப்பில் நிறுத்தி ஓராண்டில் போன எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. திரும்புவது எந்த வடிவில் என்பதுதான் கேள்வி. மாதவிடாய் நின்ற பெண்களிடம் 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. ஊசி இல்லாமல் எடை குறைத்தவர்கள் அவர்கள். 1 கிலோ கொழுப்பு குறைந்தபோது 0.26 கிலோ கொழுப்பற்ற நிறை போயிற்று. 1 கிலோ கொழுப்பு திரும்பியபோது 0.12 கிலோதான் திரும்பியது. ஏறி இறங்கும் ஒவ்வொரு சுற்றிலும் பாதிக்கு மேல் கடனாக நிற்கிறது. செலவு, பக்கவிளைவு, கிடைக்காமை என்று ஊசியை விட்டுவிட்டு மறுபடி தொடங்குபவர்கள் ஏராளம். அவர்களுக்கு இரண்டாவது, மூன்றாவது சுற்றில் சுமை பழையபடி இருக்கும், சுமக்கும் தசை இருக்காது. 'சுமை குறைந்தது, நன்மைதான்' என்ற உங்கள் வாதம் எடை குறைந்தே இருக்கும் வரைதான் நிற்கும்.

எண்ணும்எழுத்தும்
இது கனமான வாதம். நிறுத்தாமல் தொடர்வதே அதற்கு முதல் மருந்து என்பேன். இரத்த அழுத்த மாத்திரையை அளவு சரியானதும் யாரும் நிறுத்தச் சொல்வதில்லை. ஆனால் எல்லோராலும் தொடர முடியாது என்பதையும் மறுக்கவில்லை. 65-ஐத் தாண்டியவர்கள், ஏற்கெனவே பிடி வலு குறைந்தவர்கள் ஆகியோருக்கு மட்டும் உங்கள் நிபந்தனை சரி. எல்லோருக்கும் கட்டாயமாக்கினால் மருந்தே கிடைக்காமல் போகும்.

மருந்தியல்_அலசல்
இதற்கு மருந்திலேயே வழி வந்துகொண்டிருக்கிறது. மயோஸ்டாட்டினும் ஆக்டிவினும் தசை வளர்ச்சிக்குப் பூட்டுப் போடும் புரதங்கள். மயோஸ்டாட்டினை 1997-இல் ஸே-ஜின் லீ குழுவினர் கண்டறிந்தார்கள். இவை இரண்டும் போய் ஒட்டும் ஏற்பியை அடைக்கும் எதிர்ப்பொருள்தான் பிமாக்ருமாப். 2025-இல் அறிவித்த பிலீவ் ஆய்வில் 72 வாரத்தில் செமாக்ளூடைட் மட்டும் எடுத்தவர்கள் 15.7 சதவீதம் எடை குறைந்தார்கள், அதில் 71.8 சதவீதம் கொழுப்பு. இரண்டும் சேர்த்து எடுத்தவர்கள் 22.1 சதவீதம் குறைந்தார்கள், அதில் 92.8 சதவீதம் கொழுப்பு. தசையைக் காப்பாற்றிக்கொண்டே எடையைக் குறைக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இரும்புக்கம்பி
தசை கூடினா வலு கூடிடுமா? இதே பிமாக்ருமாபை 70 தாண்டின சார்கோபீனியா நோயாளிகளுக்கு 24 வாரம் கொடுத்த ஆய்வு 2020-ல வந்துச்சு. கொழுப்பற்ற நிறை 7 சதவீதம் கூடிச்சு, போலி மருந்துல 1 சதவீதம். ஆனா நடை, சமநிலை, நாற்காலி மூணும் சேர்ந்த மதிப்பெண்ல ரெண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஏன்னா போலி மருந்துக் குழுவும் புரதமும் பயிற்சியும் எடுத்து அந்த அளவுக்கு முன்னேறிடுச்சு. தசைப்பிடிப்பு, முகப்பரு, வயிற்றுப்போக்கு எல்லாம் பக்கவிளைவாவும் வருது. வலுங்கிறது தசையோட பருமன் மட்டும் இல்லீங்க, நரம்பு எத்தனை தசைநாரை ஒரே நேரத்துல எழுப்புதுங்கிறதும்தான். அதை ஊசியால கத்துக்கொடுக்க முடியாது.

பயிற்சிக்கு ஆதாரம் வேணும்னா 2017 விலரியால் குழுவோட ஆய்வு. பருமனான முதியவர்கள் 160 பேர், 26 வாரம். உணவுக் கட்டுப்பாட்டோட பயிற்சி செஞ்ச மூணு குழுவும் சுமார் 9 சதவீதம் எடை குறைஞ்சாங்க. நடை-ஓட்டம் மட்டும் செஞ்சவங்களுக்குக் கொழுப்பற்ற நிறை 5 சதவீதம் போச்சு, வலுப்பயிற்சி செஞ்சவங்களுக்கு 2, ரெண்டும் செஞ்சவங்களுக்கு 3. வலு முதல் குழுவுக்கு 4 சதவீதம்தான் கூடிச்சு, மத்த ரெண்டுக்கும் 18, 19 சதவீதம்.

எண்ணும்எழுத்தும்
சரி, பசியே இல்லாத ஒருவருக்குப் பயிற்சியோடு புரதமும் சாப்பிடு என்று எப்படிச் சொல்வீர்கள்? 100 கிலோ உள்ளவர், கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்றால் 160 கிராம். நாளைக்கு 1,200 கலோரிதான் இறங்குகிறது என்றால் அதில் 640 புரதத்துக்கே போய்விடும். ஏட்டில் அழகாக இருக்கும், தட்டில் நடக்காது.

இரும்புக்கம்பி
தப்பான எடையை வச்சுக் கணக்குப் போடுறீங்க. கொழுப்புக்குப் புரதம் ஊட்டத் தேவையில்லை. உயரத்துக்கு உரிய எடையை எடுங்க. 170 செ.மீ.ன்னா பிஎம்ஐ 25-க்கு 72 கிலோ. அதுக்கு 1.5 கிராம், ஆக 108 கிராம், 432 கலோரி. ஒரே வேளையில கொட்டாம 27 கிராமா 4 வேளை. இரைப்பை மெதுவா காலியாகும் மருந்து இது, அதனால தட்டுல புரதத்தை முதல்ல சாப்பிடணும், மத்தது பிறகு. குமட்டல் நாள்ல பால் புரதத்தைத் தண்ணில கலந்து அரை மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமா குடிக்கணும். சிறுநீரக நோய் இருந்தா இந்தக் கணக்கு செல்லாது, மருத்துவர் சொல்ற அளவுதான்.

பயிற்சி வாரம் 2 நாள் போதும். கால் அழுத்தம், இடுப்பை மடக்கி நிமிர்ற அசைவு, தள்ளுவது, இழுப்பது. ஒவ்வொண்ணும் 2-3 செட், 6 முதல் 12 முறை. கடைசியில இன்னும் 2 தடவை முடியும்ங்கிற இடத்துல நிறுத்தணும். அடுத்தடுத்த ரெண்டு நாள் 12-ஐ சிரமமில்லாம தாண்டினா தூக்குற எடையை 2-5 சதவீதம் கூட்டணும். செமாக்ளூடைட் டோஸ் 0.25 மி.கி.-ல தொடங்கி 4 வாரத்துக்கு ஒரு தடவை 2.4 வரைக்கும் ஏறும். ஏறின முதல் வாரத்துல சோர்வும் குமட்டலும் அதிகம். அப்போ எல்லாரும் தூக்குற எடையைக் குறைக்கிறாங்க. அதுதான் தப்பு. எடையை அப்படியே வச்சு செட்டைக் குறைங்க. 2011-ல பிக்கல் குழு காட்டினதும் அதுதான்: இளையவங்க ஒன்பதுல ஒரு பங்கு பயிற்சியிலேயே தசை அளவைத் தக்க வச்சுக்கிட்டாங்க. 60-க்கு மேல அது போதலை. அதனால வயசானவங்களுக்குக் குறைப்பை ஒரு வாரத்துக்கு மேல இழுக்கக் கூடாது.

இன்சுலினோ, சர்க்கரை நோய்க்கான சல்போனைல்யூரியா மாத்திரையோ எடுக்கிறவங்களுக்குப் பயிற்சியில சர்க்கரை தாழும், அதை முன்னாடியே மருத்துவர்கிட்ட பேசி அளவைக் குறைச்சுக்கணும். வாந்தியால நீர் குறைஞ்சிருந்தா எழுந்து நிக்கும்போது தலை சுத்தும், அன்னிக்கு எடை தூக்க வேண்டாம்.

தசைக்காவலன்
எண்ணும்எழுத்தும் அவர்களே, 65-க்குக் கீழ் இருப்பவர்களை விட்டுவிடலாம் என்ற உங்கள் கோட்டைத்தான் நான் ஏற்கவில்லை. ஊசியை 40 வயதில் தொடங்கி, நிறுத்தி, மறுபடி தொடங்குபவர் 65-ஐத் தொடும்போது எத்தனை சுற்று முடிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஊசிக்கு முன் பிடி வலு அளவு, பிறகு 3 மாதத்துக்கு ஒரு முறை. ஒரு கருவி, 5 நிமிடம். இதையாவது எல்லோருக்கும் வைக்கலாம் அல்லவா?

எண்ணும்எழுத்தும்
அளவு எடுப்பதை எல்லோருக்கும் வைக்கலாம், அதில் எனக்கு மறுப்பே இல்லை. பயிற்சிக்கு வரவில்லை என்பதற்காக ஊசியை மறுப்பதைத்தான் எதிர்க்கிறேன். பிடி வலு மட்டும் போதும் என்றும் நினைக்காதீர்கள். எடை குறையும்போது முதலில் தேய்வது கால், கை அல்ல. கால் அழுத்தும் கருவியின் கிலோவையும் அதே தாளில் எழுதி வையுங்கள்.

இரும்புக்கம்பி
கருவி இல்லாத இடத்துல, ஊசி தொடங்கும் நாள்ல இருந்த எடைக்கும் இப்ப இருக்கிற எடைக்கும் உள்ள வித்தியாசத்தை முதுகுப்பையில போட்டுக்கிட்டு நாற்காலித் தேர்வு செய்யச் சொல்லுங்க. மூட்டுவலி, முதுகுவலி, தடுமாற்றம் இருக்கிறவங்களுக்கு வேண்டாம். பக்கத்துல ஒருத்தர் நிக்கணும். பழைய சுமையோட நேரம் பழைய நேரத்தைவிட நீண்டா, கால்ல வலு இறங்கியிருக்குன்னு அர்த்தம்.