கைடு மீது புகார் கொடுத்தால் ஆய்வேடு என்னவாகும்?

விடுதித் தோழி கேட்கிறார்:

என் அறைத்தோழிக்காகக் கேட்கிறேன். தாவரவியலில் முனைவர் பட்ட ஆய்வு, நான்காம் ஆண்டு. பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாமே.

அவளுடைய கைடு (ஆய்வு வழிகாட்டிப் பேராசிரியர்) இரவு பதினொரு மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் எழுதுவார். முதலில் ஆய்வுக் கட்டுரை பற்றி எழுதினார், பிறகு அவள் கட்டியிருந்த புடவை பற்றி. ஜனவரி கடைசியில் மாதிரி சேகரிக்கக் கொல்லிமலைக்குப் போனார்கள். அங்கே தங்கிய இடத்தில் இரவு அவள் அறைக் கதவைத் தட்டி உள்ளே வந்து கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். உதறிவிட்டு வெளியே ஓடி, உடன் வந்த ஜூனியர் பெண்ணின் அறையில் படுத்துக்கொண்டாள். ஊர் திரும்பியதிலிருந்து உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடிக்கிறார்.

துறைத் தலைவரிடம் வாயால் சொல்லிப் பார்த்தாள். "பெரிய மனிதர், இன்னும் ஒரு வருஷம்தானே, பொறுத்துக்கொள் அம்மா" என்றார். அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்கு அழைத்துப் போய்விடுவார் என்று பயப்படுகிறாள். சினாப்சிஸ், அதாவது ஆய்வேட்டின் சுருக்கம், சமர்ப்பிக்க வேண்டிய நேரம் இது. புகார் கொடுத்தால் நான்கு வருட உழைப்பு போய்விடுமா? இப்போது மார்ச் நடுப்பகுதி.

பழைய ஆய்வாளர்:

சகோதரி, நடைமுறையாகச் சொல்கிறேன். சொந்தக் காரணம் என்று எழுதிக் கொடுத்து கைடை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். சத்தமில்லாமல் முடியும். புகார் என்று போனால் வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) வரும் வெளித்தேர்வாளர் வரைக்கும் செய்தி போகும். நம் துறைகள் எவ்வளவு சிறியவை என்று தெரியும்தானே.

மதுரை வழக்கறிஞர்:

பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவில், சில கல்லூரிகளில், வெளி உறுப்பினராக இருக்கிறேன். மேலே தம்பி நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் "சொந்தக் காரணம்" என்று அவள் கைப்பட எழுதிக் கொடுக்கும் தாள் நாளைக்கு எதிர்த்தரப்பின் முதல் ஆவணமாகும். தயவு செய்து அப்படி எழுத வேண்டாம்.

முதலில் தேதியைக் கவனியுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டமும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிகளும் சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் இந்தக் குழுவிடம் எழுத்தில் புகார் கேட்கின்றன. தொடர்ச்சியான சம்பவங்கள் என்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் குழு நீட்டிக்கலாம். அந்த நீட்டிப்பை நம்பி உட்காராதீர்கள். ஏப்ரல் பிறப்பதற்குள் கொடுத்துவிடுவது நல்லது.

துறைத் தலைவரிடம் சொன்னதைப் புகாராக யாரும் எண்ண மாட்டார்கள். அவருக்கு இதில் தீர்ப்புச் சொல்லும் இடமும் இல்லை. துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் ஆகியோர் குழுவில் உறுப்பினராகவே இருக்கக் கூடாது என்று 2015 விதி சொல்கிறது. "பொறுத்துக்கொள் அம்மா" என்ற பேச்சுக்குத்தான் அந்த விதியே என்று நான் நினைப்பதுண்டு. அவர் சொன்னதையும் தேதியோடு புகாரில் எழுதுங்கள்.

கொல்லிமலையில் நடந்ததால் பல்கலைக்கழகத்துக்குச் சம்பந்தமில்லை என்று யாராவது சொல்வார்கள், கண்டிப்பாகச் சொல்வார்கள். களப்பணி, கல்விச் சுற்றுலா, முகாம் எல்லாம் வளாகத்தின் நீட்சியே என்று அதே விதிகளில் இருக்கிறது.

இனி ஆய்வேடு. உங்கள் தோழி பயப்படுவது இதற்குத்தான், புகார் எழுதுகிறவர்கள் கேட்க மறந்துவிடுவதும் இதைத்தான். விசாரணை முடியும்வரை காத்திருக்காமல் இடைக்கால நிவாரணம் கேட்கலாம். எதிர்த்தரப்பினர் அவளுடைய ஆய்வை மதிப்பிடவோ அறிக்கை தரவோ கூடாது என்று தடுத்து வைக்கலாம், விலகியிருக்கும்படி அவரை எச்சரிக்கலாம், அவளுக்கு மூன்று மாதம்வரை விடுப்பு தரலாம். புகாரின் கடைசிப் பத்தியில் நேராக எழுதச் சொல்லுங்கள்: "உதவித்தொகைப் படிவத்திலும் சினாப்சிஸிலும் கையெழுத்திட வேறொருவரை நியமிக்கக் கோருகிறேன்." கேட்காததை யாரும் வலிய வந்து தர மாட்டார்கள்.

வாட்ஸ்அப் உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து தன் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைக்கட்டும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. அந்தக் கைபேசியையும் விற்காமல், மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். கொல்லிமலையில் அறை தந்த அந்த ஜூனியர் பெண் முக்கியமான சாட்சி. அவள் மனம் மாறுவதற்குள் பேசுங்கள். அவளுக்கும் அதே கைடுதான் என்றால் அவளுக்கும் பாதுகாப்புக் கேளுங்கள்.

முன்னாள் மாணவர் உறுப்பினர்:

அக்கா சொன்னதோடு ஒன்று. மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் குழுவில் மூன்று மாணவர்கள் இருக்க வேண்டும், இளநிலை, முதுநிலை, ஆய்வு என்று ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவர். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். எங்கள் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களே கூடி ஒப்புக்கு ஒருவரைப் போட்டிருந்தார்கள். நாங்கள் எழுதிக் கேட்ட பிறகுதான் தேர்தல் நடந்தது. முதல் நாளே உறுப்பினர் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அறிவிப்புப் பலகையில் "விசாகா கமிட்டி" என்ற பழைய பெயரிலும் இருக்கலாம்.

விசாரணை அறையில் அவரை நேருக்கு நேர் பார்க்க முடியாது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடலாம். கேள்விகளைக் குழு வழியாக எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கியிருக்கிறோம். இரு தரப்பும் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. அது நம் பக்கத்துக்கு நல்லதுதான், அக்கா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

விடுதித் தோழி:

இருவருக்கும் நன்றி. அவளிடம் காட்டினேன். இரண்டு கேள்வி கேட்கிறாள். பெயர் வெளியே வருமா? நிரூபிக்க முடியாவிட்டால் பொய்ப் புகார் என்று அவள் மீதே நடவடிக்கை எடுப்பார்களா?

மதுரை வழக்கறிஞர்:

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் நடவடிக்கை எடுக்க முடியாது, 2013 சட்டமே அப்படிச் சொல்கிறது. தெரிந்தே, கெட்ட நோக்கத்தோடு பொய் சொன்னதாகத் தனியாக விசாரித்து நிறுவ வேண்டும்.

பெயர் விஷயத்தில் சட்டம் கண்டிப்பானது, மனிதர்கள் அப்படி இல்லை. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கில் முதல் தகவல் அறிக்கையே இணையத்தில் கசிந்தது. அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கசிந்தது கசிந்ததுதான். அதனால் உறையின் மேல் "இரகசியம்" என்று எழுதி, புகார்க் குழுத் தலைவர் கையில் நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். துறை அலுவலகத்துத் தபால் பெட்டி வேண்டாம்.

காவல்துறைக்குப் போவது அவள் விருப்பம். குழுவில் புகார் கொடுத்ததால் அந்த வழி அடைபடாது. போவதென்றால் கொல்லிமலைக்கோ நாமக்கல்லுக்கோ அலைய வேண்டாம், எந்தக் காவல் நிலையத்திலும் பதிவு செய்தாக வேண்டும். இலவச சட்ட உதவிக்கு 15100, பெண்கள் உதவி எண் 181. பெண்களுக்குச் சட்ட உதவி தர வருமானச் சான்றிதழ் கேட்கக் கூடாது. கேட்டால் எனக்கு எழுதுங்கள்.

அப்பாவிடம் எப்போது சொல்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும். பெரியவள், புகாருக்குப் பெற்றோர் கையெழுத்து தேவையில்லை.