ஜெஜூ தீவில் ஹல்லாசான் பனிக்கால ஏற்றம்: போய் வந்தவர்கள் பகிர்வு

மலைக்காகம்

ஜனவரி, பிப்ரவரியில் நான்கு நாள் பயணமாக ஜெஜூ போகிறவர்களுக்கு முதலில் முன்பதிவு பற்றி. ஹல்லாசான் 1,947 மீட்டர், தென் கொரியாவிலேயே உயரமான மலை. உச்சிக்கு இரண்டே பாதைதான்: சோங்பனாக் 9.6 கி.மீ., குவானும்சா 8.7 கி.மீ. முதலாவதில் நாளுக்கு 1,000 பேர், இரண்டாவதில் 500 பேர் என்று வரம்பு உண்டு. மாதத்தின் முதல் வேலைநாள் காலை 9 மணிக்கு அடுத்த மாதத்துக்கான பதிவு திறக்கும். பனிக்காலச் சனி, ஞாயிறு சீக்கிரம் தீர்ந்துவிடும். கிடைக்கவில்லையென்று விட்டுவிட வேண்டாம், கடைசி இரண்டு மூன்று நாளில் ரத்தாகும் இடங்கள் திரும்ப வரும். க்யூஆர் குறியீட்டோடு பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும். போக முடியாமல் போனால் கட்டாயம் ரத்து செய்யுங்கள். அந்த இடத்துக்கு இன்னொருவர் காத்திருப்பார், வராமல் விட்டவருக்கு அடுத்த பதிவுகளும் தடைபடும்.

ஏறும் நாளைப் பயணத்தின் நடுவில் வையுங்கள். கடும் பனியில் விமானமே நின்றுவிடும். 2016 ஜனவரியில் ஜெஜூ விமான நிலையம் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

பனித்தடம்

அண்ணன் சொன்னதோடு நேரக் கணக்கையும் சேர்க்கிறேன். இந்த மலையில் பலர் திரும்பி வருவது கால் வலியால் அல்ல, கடிகாரத்தால்தான். சோங்பனாக்கில் 7.3 கி.மீ.யில் ஜிந்தல்லேபாத் தங்குகுடில் இருக்கிறது. குறித்த நேரத்துக்குப் பிறகு அதற்கு மேல் விடமாட்டார்கள். பனிக்காலத்தில் 11.30-க்குள் அங்கே இருப்பதாகவே கணக்குப் போடுங்கள். பனியில் மணிக்கு இரண்டு கி.மீ. என்று வைத்தால் நிற்காமல் நடந்தாலே மூன்று மணி நாற்பது நிமிடம் ஆகும், ஓய்வுக்கும் தாமதத்துக்கும் இடம் விட்டு 6 மணிக்கே கிளம்புங்கள். சூரியன் ஏழரை மணிவாக்கில்தான் எழும், ஆகவே தலைவிளக்கு இல்லாமல் போகாதீர்கள்.

வழியில் 5.8 கி.மீ.யில் ‘சராஓரும்’ என்ற சிறு எரிமலைக் குன்றுக்குக் கிளைப்பாதை பிரியும். அழகான இடம்தான். ஆனால் போக 600 மீட்டர், வர 600 மீட்டர். அதை இறங்கும்போது பாருங்கள்.

ஒற்றையடி

உடை விஷயத்தில் எல்லோரும் குளிரைப் பற்றியே யோசிக்கிறார்கள். கெடுப்பது வியர்வை. சோங்பனாக்கின் முதல் நான்கு கி.மீ. மரங்களுக்குள் மெல்ல ஏறுகிற பாதை, காற்றே இருக்காது. அங்கே கனத்த ஜாக்கெட்டோடு நடந்தால் உள்ளே நனைந்துவிடும். ஜிந்தல்லேபாத்தைத் தாண்டியதும் மரம் குறைந்து வடமேற்குக் காற்று நேராக அடிக்கும். கடற்கரையில் 5 டிகிரி என்றால் உச்சியில் சுமார் மைனஸ் 7. நொடிக்கு 15 மீட்டர் காற்றும் சேர்ந்தால் உடம்புக்கு மைனஸ் 18 போலத் தெரியும். நனைந்த பருத்திப் பனியன் அங்கே ஆபத்து. கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. கனத்த ஜாக்கெட்டும் உலர்ந்த இன்னொரு ஜோடிக் கையுறையும் பைக்குள் இருக்கட்டும். குடிலில் உட்காரும்போது மாட்டிக்கொள்ளலாம்.

காலுக்கு முள்சங்கிலி. கொரியர்கள் ஐசன் என்பார்கள், ஜெஜூ நகரில் வாடகைக்கே கிடைக்கும். கடையிலேயே உங்கள் ஷூவில் மாட்டிப் பாருங்கள். ரப்பர் தளர்வாக இருந்தால் இறக்கத்தில் முள் பக்கவாட்டுக்கு நகர்ந்து கணுக்காலைத் திருப்பிவிடும். மதியம் பனி ஈரமானதும் அடியில் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டு முள் தரையைத் தொடாது. அப்போது நடைக்கோலால் ஷூ விளிம்பைத் தட்டிவிட்டு நடக்க வேண்டும். முழங்கால் வரை மூடும் கெய்ட்டரும் தேவை, குறிப்பாகப் புதுப்பனி விழுந்த மறுநாள்.

தேநீர்க்கெட்டில்

சாப்பாடு: குடில்களில் கடை கிடையாது, 2018-இலேயே விற்பனையை நிறுத்திவிட்டார்கள். ஒரு லிட்டர் ஃபிளாஸ்க்கில் முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் சூடாக்கி, அதைக் கொட்டிவிட்டு மறுபடி கொதிநீர் நிரப்புங்கள். அப்போதுதான் ஐந்து மணி நேரம் கழித்தும் கப் நூடுல்ஸுக்குத் தாங்கும். மூன்று நிமிடம் என்று கப்பில் போட்டிருந்தால் ஐந்து நிமிடம் மூடி வையுங்கள்.

ஒன்றைத் தயவுசெய்து கவனியுங்கள். மீந்த சாற்றை மலையில் கொட்டாதீர்கள். அந்த உப்பு ஓடைத் தண்ணீரில் வாழும் உயிர்களைக் கொல்கிறது. ஹல்லாசான் தேசியப் பூங்காவினரே தண்ணீர் பாதி, மசாலா பாதி போட்டு முழுவதையும் குடித்துவிடச் சொல்கிறார்கள். குப்பையையும் நாமே கீழே கொண்டுவர வேண்டும்.

குடிநீர் பாட்டிலைத் தலைகீழாக வைத்தால் உறைவது மேலே திரும்பியிருக்கும் அடிப்பக்கத்தில் தொடங்கும், வாய் அடைக்காது. உறிஞ்சு குழாய் வைத்த நீர்ப்பை பனிக்காலத்துக்கு உதவாது.

பனித்தடம்

குவானும்சா பாதை பற்றி யாரும் எழுதவில்லை. 6 கி.மீ.யில் சம்காக்பொங் குடில், அங்கேயும் நேரக் கட்டுப்பாடு உண்டு. அதன் பிறகு பள்ளத்தாக்கில் இறங்கித் தொங்குபாலம் கடந்து செங்குத்தாக ஏறும் பகுதி. காட்சி இதில்தான் அதிகம். உறைபனி படிந்த கொரிய ஃபிர் மரங்கள், ஊசியிலை ஒவ்வொன்றிலும் காற்று வந்த பக்கமாக மட்டும் வெள்ளை முளைத்து நிற்கும். பலர் சோங்பனாக்கில் ஏறி இதில் இறங்குவார்கள். முழங்கால் பலவீனமானவர்களுக்கு அது வேண்டாம். தவிர, கீழே 475 பேருந்து அடிக்கடி வராது, டாக்சிக்குப் பணம் வைத்திருங்கள்.

மலைக்காகம்

சோங்பனாக்குக்கு 281 பேருந்து போகும். வாடகைக் கார் எடுத்தால் டயர்ச் சங்கிலி இல்லாமல் ‘1100 சாலை’ என்ற மலைச்சாலைப் பக்கம் போகாதீர்கள், பனி கனத்தால் அதுதான் முதலில் மூடப்படும்.

உச்சி மூடியிருந்தால் நாள் வீணில்லை. யோங்சில்லிலிருந்து ‘வித்சேஓரும்’ குன்று வரை 3.7 கி.மீ., சுமார் 1,700 மீட்டர் உயரம், முன்பதிவு தேவையில்லை. அதுவும் மூடல் என்றால் ஓரிமோக்கிலிருந்து ஓசுங்செங்காக் குன்று வரை, 1.3 கி.மீ., அரை மணி ஏற்றம். முதல் நாள் இரவு தூங்கும் முன்னும் காலை எழுந்ததும் பூங்காவின் நேரலைக் கேமராவைப் பாருங்கள். உச்சியில் எடுத்த இருப்பிடக் குறியுள்ள புகைப்படத்தைக் காட்டினால் 1,000 வொன்னுக்குச் சான்றிதழ் தருவார்கள். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும், போனை உள்சட்டைப் பையில் வையுங்கள்.