மண்ணீரல் எடுத்தவருக்குத் தடுப்பூசி எதற்கு? ஆன்டிபாடி ரத்தத்தில்தானே இருக்கிறது?

பாலக்கோட்டுப் பையன்:
எங்கள் சித்தப்பா பையன் தொப்பூர் கணவாயில் பைக்கோடு விழுந்துவிட்டான், வயிற்றுக்குள் ரத்தக்கசிவு, மண்ணீரலையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஆள் தேறி வருகிறான். டாக்டர் நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் என்று மூன்று கிருமிகளுக்கு ஊசி எழுதிக் கொடுத்து, காய்ச்சல் வந்தால் கொஞ்ச நேரம்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்கிறார். ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் ஓடுவதுதானே, மண்ணீரல் போனால் அதற்கென்ன? சித்தி பயந்துபோய் இருக்கிறார், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லேப் அக்கா, கிருஷ்ணகிரி:
தம்பி, இந்த மாதிரிக் கிருமிகளை ஆன்டிபாடி தானாகக் கொல்வதில்லை. மேலே போய் ஒட்டும், அவ்வளவுதான். ஒட்டிய ஆன்டிபாடியின் வால் பக்கத்தையும், அதைத் தொடர்ந்து வந்து படியும் காம்ப்ளிமென்ட் என்ற ரத்தப் புரதங்களையும் பிடித்துக் கிருமியை விழுங்குவது மேக்ரோபேஜ் செல்கள். கல்லீரலில் குப்ஃபர் செல்கள் என்று ஒரு கூட்டம், மண்ணீரலில் இன்னொரு கூட்டம். நன்றாக ஆன்டிபாடி படிந்த கிருமியைக் கல்லீரலே காலி செய்துவிடும். அரைகுறையாகப் படிந்ததை, ரத்தம் மெதுவாக நகரும் இடத்தில் நிறுத்திப் பிடிப்பது மண்ணீரல். இப்போது அது இல்லை, கல்லீரலை மட்டும் நம்ப வேண்டும், அதற்கு ஆன்டிபாடி ஏராளமாக வேண்டும், அதற்குத்தான் ஊசி. டாக்டர் எழுதிய மூன்றுமே மேலே சர்க்கரை உறை உள்ள கிருமிகள், அந்த உறைக்கு எதிராகச் சட்டென்று ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்கள் என்ற வெள்ளை அணுக்களும் மண்ணீரலில்தான் அதிகம்.

காவேரிப்பட்டணத்துக்காரன்:
உறைதான் அந்தக் கிருமிகளின் பெரிய தந்திரம். உறைக்கு அடியில் காம்ப்ளிமென்ட் படிந்தாலும் மேக்ரோபேஜுக்கு எட்டாது, உறையிலேயே ஒட்டுகிற ஆன்டிபாடி வேண்டும். நியூமோகாக்கஸில் மட்டும் 100-க்கு மேல் உறை வகைகள், ஒன்றுக்கு வந்த ஆன்டிபாடி பெரும்பாலும் இன்னொன்றுக்கு உதவாது. ஊசிப் பெயரில் 13, 20, 23 என்று, அது எத்தனை வகைக்கு என்ற எண் வருவது அதனால்தான். மெனிங்கோகாக்கஸ் பி வகை இன்னும் கில்லாடி, அதன் உறை நம் நரம்பு செல்களில் இருக்கும் சர்க்கரையைப் போலவே இருப்பதால் உடம்பு அதைச் சொந்தக்காரன் என்று விட்டுவிடுகிறது. வேறு கிருமிகளுக்கு வேறு தந்திரம்: ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் புரோட்டீன் ஏ என்ற ஒன்றால் ஆன்டிபாடியின் வாலைத் தானே பிடித்துக்கொள்ளும், அப்புறம் மேக்ரோபேஜ் எதைப் பிடிக்கும்? தொண்டைப்புண் கொண்டுவரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனஸ் ஐஜிஜி என்ற வகை ஆன்டிபாடியை ஒரு நொதியால் நடுவில் வெட்டியே போடுகிறது. அந்த நொதியை இம்லிஃபிடேஸ் என்ற மருந்தாக்கி, சிறுநீரக மாற்றுக்கு முன்பு கொடுக்க ஐரோப்பாவில் 2020-இல் அனுமதித்தார்கள், அது தனிக் கதை.

பாலக்கோட்டுப் பையன்:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. அப்படியென்றால் ஊசி போட்டுவிட்டால் காய்ச்சலுக்குப் பயப்பட வேண்டாமா? இப்போதே போட்டுவிடலாமா?

லேப் அக்கா, கிருஷ்ணகிரி:
பயம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். ஊசியில் இல்லாத வகையும் வரலாம், வந்தால் சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். காய்ச்சல், குளிர் நடுக்கம் என்றால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்க்கிற வேலையே கூடாது, நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் முதல் வார்த்தையாக மண்ணீரல் இல்லை என்று சொல்லுங்கள். ஊசியைப் பொறுத்தவரை, அவசர ஆபரேஷன் என்றால் பொதுவாக 14 நாள் கழித்துப் போடுவார்கள், அப்போதுதான் ஆன்டிபாடி சரியாக வரும், தேதியை உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். அப்புறம் நாய் கடித்தாலும் ரேபிஸ் ஊசியோடு திரும்பி வந்துவிடாதீர்கள். நாய் வாயில் கேப்னோசைட்டோஃபேகா என்று ஒரு கிருமி இருக்கிறது, மண்ணீரல் இல்லாதவர்களுக்கு அது ரத்தத்தில் ஏறினால் ஆபத்து, அங்கேயும் ஆபரேஷன் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.