புதுப்பிப்பு: பாதியில் விலகிய மகளும் பெல் உதவித்தொகையும்

மகள் பருவத்தின் நடுவே கல்லூரியிலிருந்து விலகினால் அமெரிக்க மத்திய அரசின் பெல் உதவித்தொகை என்னவாகும் என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். விடை பில்லாகவே வந்துவிட்டது.

110 நாள் பருவத்தில் 44ஆம் நாள் விலகினாள். அதாவது 40 சதவீதம். எனவே 3,000 டாலரில் 1,200தான் அவளுக்கு உரியதாம். மீதி 1,800ஐ அரசுக்குத் திருப்பிய கல்லூரி, அதை எங்களிடம் கேட்கிறது. கட்டணத்தைத் திரும்பப் பெறும் கெடுவும் முடிந்துவிட்டது. 60 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் முழுத் தொகையும் நின்றிருக்கும். இன்னும் 23 நாள்! இதை விலகல் படிவத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டால் என்ன?

சென்ற ஆண்டு வாங்கிய அரசுக் கடனுக்கான ஆறு மாத அவகாசமும் ஓடத் தொடங்கிவிட்டது. பில்லைத் தவணையில் கட்டக் கல்லூரி சம்மதித்திருக்கிறது. முதல் தவணை வெள்ளிக்கிழமை.