சுகர் உள்ள பிள்ளைக்கு ஆப் வேண்டுமா, சுகர் எழுதிவைக்கும் நோட்டே போதுமா?

கம்பத்துக்காரி:
என் மகளுக்கு 14 வயது. டைப் 1 சுகர் வந்து மூன்று வருடம் ஆகிறது, தினமும் நான்கு ஊசி. கையில் ஒட்டிக்கொண்டே சுகரைக் காட்டும் சென்சாரும் அதற்கான ஆப்பும் வைத்துக்கொள்ளலாமே என்று டாக்டர் சொல்கிறார். நான் விடியற்காலை ஏலத்தோட்ட ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறினால் திரும்பி வரச் சாயங்காலம் ஆகிவிடும், அதுவரை அவள் சாப்பிட்டாளா, சுகர் இறங்கி லோ ஆனாளா ஒன்றும் தெரியாது. நெஞ்சு அடித்துக்கொண்டே காய் எடுக்கிறேன். வாங்கலாமா?

குமுளி சிஸ்டர்:
வேண்டாம் அக்கா. வார்டில் பல வருடம் பார்த்துவிட்டேன். புது ஆப் என்றால் பிள்ளைகள் பத்து நாள் ஆசையாக சுகர் நம்பரை எழுதுவார்கள், அப்புறம் செக்கப்புக்கு முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து 110, 120, 130 என்று மனதில் தோன்றியதை எல்லாம் போட்டு நிரப்புவார்கள். ஹெச்பிஏ1சி என்கிற ரத்தப் பரிசோதனை எடுத்தால் மூன்று மாதச் சராசரி தெரிந்துவிடும், பிள்ளை தலை குனிந்து நிற்கும். சாப்பாட்டுக் கணக்கும் அப்படித்தான். ஆப்பில் ரொட்டி, பாஸ்தாவுக்குக் கணக்கு இருக்கும், உங்கள் வீட்டு இட்லியும் என் வீட்டு இட்லியும் ஒரே அளவா? சென்சார் ஒன்று இரண்டு வாரம்தான் வரும், அந்தக் காசுக்கு விரலில் குத்திப் பார்க்கிற ஸ்ட்ரிப் எத்தனை டப்பா வாங்கலாம்! போதாததற்கு மலையில் சிக்னலும் கிடையாது.

வண்டன்மேட்டுப் பையன்:
சிக்னல் விஷயம் தவறு சிஸ்டர். சென்சாரிலிருந்து போனுக்கு புளூடூத்தில்தான் வருகிறது, டவரே வேண்டாம். அம்மாவின் போனுக்குப் போக வேண்டுமானால்தான் நெட் வேண்டும். எனக்கு 11 வயதில் வந்தது, இப்போது 19. ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு 54-க்கு இறங்கிவிட்டது, வேர்வையில் நனைந்தும் எனக்கு முழிப்பு வரவில்லை, அலாரம் அடித்துத்தான் அப்பா ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். நோட்டு எழுப்பியிருக்குமா?

குமுளி சிஸ்டர்:
எழுப்பாது தம்பி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சென்சார் பார்ப்பது ரத்தத்தை இல்லை, தோலுக்கு அடியில் உள்ள நீரை. அதனால் சில நிமிடம் பின்தங்கித்தான் காட்டும். சுகர் வேகமாக இறங்கும்போது போனில் 80 என்று இருக்கும், விரலில் குத்தினால் 62 இருக்கும். நம்பரையே பார்த்துப் பழகின பிள்ளைக்குத் தன் உடம்பின் நடுக்கம் தெரியாமல் போகும் என்பதுதான் என் பயம்.

உத்தமபாளையம் வாத்தியார்:
இன்னொன்றையும் யோசியுங்கள். பிள்ளையின் உடம்புக் கணக்கு முழுவதும் ஒரு கம்பெனியிடம் போகிறது. 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும், ஆனால் அந்தச் சம்மதப் பக்கத்தைப் படித்தா நாம் அமுக்குகிறோம்? தமிழில் இருந்தாலாவது பரவாயில்லை. அப்புறம், எங்கள் பள்ளியில் போன் கூடாது. சிபிஎஸ்இ 2017-லேயே சுகர் உள்ள பிள்ளைகள் தேர்வு அறைக்குச் சுகர் மாத்திரை, பழம் கொண்டுவரலாம் என்று சொல்லிவிட்டது. போனுக்கு யார் சொல்வது?

வண்டன்மேட்டுப் பையன்:
சார், நானும் ஒரு மாதம் சென்சாரைக் கழற்றிப் போட்டவன்தான். காரணம் ஆப் இல்லை, அப்பா. அவர் போனிலும் என் நம்பர் தெரிய ஆரம்பித்ததும் வகுப்பில் இருக்கும்போதே "என்ன தின்ன?" என்று மெசேஜ் வரும். இந்த வயதில் வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாது, ஒழுங்காக ஊசி போட்டு ஒழுங்காகச் சாப்பிட்டும் 250 காட்டும், அதற்குத் திட்டு வாங்கினால் யாருக்குத்தான் மறைக்கத் தோன்றாது? பிறகு டாக்டரே உட்காரவைத்துப் பேசினார். 70-க்குக் கீழே போனால் மட்டும் அப்பா போனில் அலாரம், மற்ற நேரம் அவர் திறந்து பார்ப்பதில்லை என்று ஒப்பந்தம். நான் திரும்ப ஒட்டிக்கொண்டேன்.

கம்பத்துக்காரி:
தம்பி, படித்துவிட்டு அழுதேன். அந்த "என்ன தின்ன?" நான் தினமும் கேட்கிற கேள்வி. ஆனால் சென்சாருக்குக் காசு? கேரளத்தில் மிட்டாயி என்று 18 வயதுக்குட்பட்ட டைப் 1 பிள்ளைகளுக்கு அரசுத் திட்டம் இருக்கிறது என்கிறார்கள். வேலை அந்தப் பக்கம், ரேஷன் கார்டு இந்தப் பக்கம் உள்ள என்னை அங்கே சேர்ப்பார்களா?

வண்டன்மேட்டுப் பையன்:
சென்சார் இல்லாமலும் செய்யலாம் அக்கா. விரலில் குத்திச் சுகர் பார்க்கிற குளுக்கோமீட்டரிலேயே புளூடூத் உள்ளது இருக்கிறது. பள்ளியில் மீட்டர் மட்டும் போதும், போன் வேண்டாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நம்பர் எல்லாம் தானாக ஆப்பில் ஏறிவிடும். சிஸ்டர் சொன்ன கள்ளக்கணக்குக்கும் அதில் வழியில்லை.

குமுளி சிஸ்டர்:
மீட்டர் என்றால் சரி, அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் குத்தினால்தானே நம்பர் ஏறும்? குத்தாத நாளுக்கு ஆப் என்ன செய்யும்? வீட்டில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்கிற என் பேச்சு மாறாது.

கம்பத்துக்காரி:
ராத்திரி மகளிடமே கேட்டேன். "மீட்டரும் ஆப்பும் வாங்கித் தா, ஆனா அதைப் பார்த்துட்டுத் தோட்டத்துல இருந்து போன் பண்ணாத, ராத்திரி நானே காட்டுறேன்" என்றாள். சம்மதித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வாங்குகிறேன். சென்சார் பற்றி அடுத்த வருடம் பார்க்கலாம்.

குமுளி சிஸ்டர்:
வாங்குங்கள் அக்கா. பள்ளிப் பையில் குளுக்கோஸ் இருக்கிறதா என்று மட்டும் தினமும் நீங்களே பாருங்கள். லோ ஆனால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பக் குத்திப் பார்க்க வேண்டும். அவள் பெஞ்சில் உட்காரும் தோழிக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.