இரண்டு வெட்டு, ஐந்து வளையம்

குழு: தண்டையார்பேட்டை வீடு

மாலை 6:12
சுமதி அத்தை: யாழினியின் பள்ளி விளையாட்டு விழாவுக்கு ஒலிம்பிக் கொடி தைத்துத் தர வேண்டுமாம். நாளைக் காலை 7 மணிக்குக் கொடுத்தாக வேண்டும். இன்று மதியம்தான் சொல்கிறாள். எம்.சி. ரோட்டில் ஐந்து நிறத்தில் சாட்டின் வாங்கிவிட்டேன். எந்த நிறம் எங்கே வரும்?

சேகர் மாமா: மேலே நீலம், கறுப்பு, சிவப்பு. கீழே மஞ்சள், பச்சை. நீலம் ஐரோப்பா, மஞ்சள் ஆசியா, கறுப்பு ஆப்பிரிக்கா, பச்சை ஆஸ்திரேலியா, சிவப்பு அமெரிக்கா. கண்டத்தின் பெயர் எழுதி அட்டை ஐந்தும் வெட்டி வைத்துவிட்டேன். அந்தந்த வளையத்துக்குக் கீழே ஒட்டினால் போதும்.

வேலு பெரியப்பா: அட்டையை ஒட்டாதீர்கள் மாப்பிள்ளை. நிறங்களின் இடம் சரி. கண்டம் தவறு.

சேகர் மாமா: பொது அறிவுப் புத்தகத்தில் படித்தது மச்சான். அதுவும் தவறா?

வேலு பெரியப்பா: ஒலிம்பிக் கமிட்டியின் கையேட்டிலேயே ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1951இல் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். கொடியை வரைந்த பியர் தெ கூபர்டின் அப்படி நினைத்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதுதான் காரணம். ஐந்து வளையம் ஐந்து கண்டம் என்பது அவர் சொன்னது. எந்த நிறம் யாருக்கு என்று அவர் பாகப்பிரிவினை செய்யவில்லை.

தீபா: அப்படியானால் நிறங்கள் எதற்கு அப்பா?

வேலு பெரியப்பா: வெள்ளைத் துணியையும் சேர்த்து எண்ணு, ஆறு நிறம். 1913இல் அவர் அதை வரைந்தபோது, அன்றிருந்த எந்த நாட்டின் கொடியையும் இந்த ஆறு நிறங்களுக்குள் அடக்கிவிடலாம் என்பது அவர் கணக்கு. சுவீடனின் நீலமும் மஞ்சளும், கிரீஸின் நீலமும் வெள்ளையும், இப்படி.

யாழினி (அம்மா போன்): பெரியப்பா, நம் கொடியில் காவி இருக்கிறதே. வளையத்தில் காவி இல்லையே?

வேலு பெரியப்பா: நல்ல கேள்வி கண்ணு. அவர் வரைந்தபோது நம் மூவர்ணக் கொடி பிறக்கவே இல்லை. அரசியல் நிர்ணய சபை அதை ஏற்றுக்கொண்டது 1947 ஜூலை 22 அன்றுதான். கோட்டை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் ஒரு பெரிய கொடி பார்த்தோமே, 1947 ஆகஸ்ட் 15 அன்று ஏற்றியது, நினைவிருக்கிறதா?

யாழினி (அம்மா போன்): நினைவிருக்கிறது. அன்றைக்கு எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தரவில்லை.

சேகர் மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுமதி அத்தை: அட்டையின் படத்தைத்தான் நீக்குகிறார். அட்டைகள் இன்னும் என் மெஷின் மேல்தான் கிடக்கின்றன.

மாலை 7:35
சுமதி அத்தை: கண்டம் யாருக்குப் போனால் என்ன, என் பிரச்சினை வேறு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சள் வளையம் நீலத்துக்கு மேலே ஏறுகிறது, அடுத்த இடத்தில் அதற்கே அடியில் நுழைகிறது. எல்லா ஜோடியும் இப்படித்தான். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அடித்தால் இது வராது.

தீபா: ஒவ்வொரு வளையத்தையும் வெட்டிக் கோத்துவிட்டு, வெட்டிய இடத்தைத் தைத்துவிடுங்கள் அத்தை.

சுமதி அத்தை: ஐந்தையும் வெட்டினால் ஐந்து தழும்பு. மேல் மூன்றும் ஒன்றையொன்று தொடவே இல்லை, கவனித்தாயா? மஞ்சளையும் பச்சையையும் மட்டும் வெட்டினேன். மஞ்சள் நீலத்தையும் கறுப்பையும் பிடித்துக்கொண்டது, பச்சை கறுப்பையும் சிவப்பையும் பிடித்துக்கொண்டது. வெட்டிய வாய் இரண்டும் கறுப்புக்கு அடியில் ஒளிந்துகொண்டன.

வேலு பெரியப்பா: கூபர்டினுக்கே இது தெரிந்திருக்காது தங்கச்சி. அவர் காகிதத்தில்தான் வரைந்தார். 1914இல் பாரிஸ் மாநாட்டில் கொடியைக் காட்டினார். அந்த ஆண்டே உலகப்போர். 1916 பெர்லின் ஒலிம்பிக் நடக்கவில்லை. கொடி ஆறு ஆண்டு காத்திருந்து 1920இல் ஆன்ட்வெர்ப்பில்தான் முதன்முதலாக ஒலிம்பிக் மைதானத்தில் பறந்தது. பறந்த கொடி காணாமலும் போனது.

யாழினி (அம்மா போன்): திருடிவிட்டார்களா???

வேலு பெரியப்பா: திருடன் வெண்கலப் பதக்கம் வாங்கியவன். ஹால் பிரீஸ்ட் என்ற அமெரிக்க டைவிங் வீரர். நீச்சல் வீரர் டியூக் கஹானமோக்கு சவால் விட்டாராம், இவர் கம்பத்தில் ஏறிக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். எழுபது வருடத்துக்கு மேல் அவர் வீட்டுப் பெட்டிக்குள் கிடந்தது. 1997இல் ஒரு விருந்தில் இந்தப் பேச்சு வந்தபோது, அது என் பெட்டியில்தான் இருக்கிறது என்றார். 2000இல் சிட்னியில் திருப்பிக் கொடுத்தபோது அவருக்கு வயது 103.

சுமதி அத்தை: இத்தனை வருடம் பூச்சி அரிக்காமல் வைத்திருந்தாரே, அதற்கே ஒரு பதக்கம் கொடுக்கலாம்.

சேகர் மாமா: ஐந்து நிறம் எதற்கு, நமக்குக் கேரம் காய் மூன்று நிறம் போதும். 2024 உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா நம் வடசென்னைப் பெண். கேரம்தான் ஒலிம்பிக்கில் இல்லை. இந்தக் கொடியால் நமக்கு என்ன லாபம்?

தீபா: நம்மவர்களே அந்தக் கொடியின் பின்னால் நடந்திருக்கிறார்கள் மாமா. 2012 டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தை இடைநீக்கம் செய்துவிட்டார்கள். 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் பனிச்சறுக்கு வண்டி வீரர் சிவ கேசவனும் இன்னும் இரண்டு பேரும் மூவர்ணம் இல்லாமல் இந்த வளையக் கொடியோடு போனார்கள். போட்டிகள் நடக்கும்போதே, பிப்ரவரி 11 அன்று, தடை நீங்கியது. அதற்குள் கேசவன் தன் பந்தயத்தை முடித்துவிட்டிருந்தார்.

சேகர் மாமா: மூன்று பேர்தானா? கொடியே இல்லாமல் போவதற்கு இது எவ்வளவோ மேல். சரி, லாபம் என்று கேட்டதை வாபஸ் வாங்குகிறேன்.

இரவு 9:50
சுமதி அத்தை: முடிந்தது. கம்பு நுழைக்க ஓரத்தில் குழாய் மடிப்பும் அடித்துவிட்டேன். மாடியில் துடைப்பக் கம்பில் மாட்டிப் படம் எடுத்திருக்கிறார். பாருங்கள்.

புகைப்படம்

தீபா: அத்தை, மஞ்சளும் பச்சையும் மேலே இருக்கின்றன. 2024இல் பாரிஸ் தொடக்க விழாவில் கொட்டும் மழையில் கொடியை இப்படித்தான் தலைகீழாக ஏற்றினார்கள்.

சேகர் மாமா: நான் சரியாகத்தான் மாட்டினேன். கம்பு இடது பக்கம்தானே வரும்?

வேலு பெரியப்பா: கம்பை ஒட்டி நீல வளையம் வர வேண்டும். சுமதி, மடிப்பைச் சிவப்பு வளையத்தின் பக்கம் அடித்திருக்கிறாய்.

சுமதி அத்தை: ஆமாம் அண்ணா. வெள்ளைத் துணி, இரண்டு ஓரமும் ஒரே மாதிரி இருந்தது. இவர் அட்டையைக் காட்டிப் பேசிக்கொண்டே இருந்தார், அந்த நேரத்தில் அடித்தது. பிரிக்கிறேன். யாழினியைத் தூங்கச் சொல்லுங்கள்.

யாழினி (அம்மா போன்): நான் தூங்கவில்லை அத்தை. சிவப்புப் பக்கம் பிரித்த நூலைத் தூக்கிப் போடாதீர்கள், எனக்கு வேண்டும்.

சேகர் மாமா: அட்டைகளின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமா?