தமிழில் எழுதிய மாடித்தோட்டக் கட்டுரைகள் கூகுள் தேடலில் வரவில்லை, எதைத் திருத்துவது?

தோட்டத்துக்காரி:

வணக்கம். பிளாகரில் (கூகுளின் இலவச வலைப்பூத் தளம்) மாடித்தோட்டம் பற்றித் தமிழில் எழுதி வருகிறேன். தக்காளி, கத்தரி, வெண்டை, கீரை, அப்புறம் மண் கலவை, பூச்சிவிரட்டி என்று நாற்பது சொச்சம் கட்டுரைகள் இருக்கின்றன. வாட்ஸப் குழுக்களில் பகிர்ந்தால் ஆட்கள் வந்து படிக்கிறார்கள், சந்தேகம் கேட்கிறார்கள். ஆனால் கூகுளில் தேடி வருகிறவர்கள் மிகக் குறைவு.

சர்ச் கன்சோலில் (நம் தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று கூகுள் காட்டும் கருவி) பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட பக்கங்கள் ‘கிரால்டு, கரன்ட்லி நாட் இன்டெக்ஸ்டு’ என்ற தலைப்பின் கீழ் கிடக்கின்றன. இன்டெக்ஸ் செய்யச் சொல்லி, அதாவது தேடல் பட்டியலில் சேர்க்கச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் கோரிக்கை கொடுத்தேன், சிலவற்றுக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தேன். அசையவில்லை. ‘எம்=1’ என்று முடியும் முகவரிகள் வேறு தனிப் பட்டியலாக நிற்கின்றன.

தெரிந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கட்டுரை 2000 சொல்லாவது இருக்க வேண்டும் என்கிறார் ஒருவர். முக்கியமான சொல்லை ஒவ்வொரு பத்தியிலும் போடு என்கிறார் இன்னொருவர். தமிழை விட்டு ஆங்கிலத்துக்கு மாறு என்பவர்களும் உண்டு. மாற எனக்கு மனமில்லை. எங்கள் ஊரில் தொட்டியில் செடி வைக்கிற பெண்களுக்காகத்தான் எழுதவே ஆரம்பித்தேன்.

உதாரணத்துக்கு ஒன்று. தலைப்பு: ‘மாடித்தோட்டத்தில் மகத்தான மகசூல்: தக்காளி ரகசியங்கள்!’ தொடக்கம் இப்படி:

“இயற்கை அன்னை மனிதனுக்கு அளித்த கொடைகளில் காய்கறிகள் முதன்மையானவை. அவற்றுள் தக்காளி இல்லாத சமையலறையை நினைத்துப் பார்க்கவே முடியாது. சாம்பார் முதல் ரசம் வரை தக்காளியின் ஆட்சிதான். இத்தகைய சிறப்பு வாய்ந்த தக்காளியை நம் வீட்டு மாடியிலேயே வளர்த்தால் எப்படி இருக்கும்? வாருங்கள் பார்ப்போம்.”

எங்கே கை வைக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஈரோட்டான்:

எம்=1 பற்றிக் கவலையே வேண்டாம் சகோதரி. கைபேசியில் திறந்தால் பிளாகர் முகவரியின் வாலில் அதைச் சேர்க்கும். அசல் முகவரி எது என்பதைப் பக்கத்தின் நிரலிலேயே கூகுளுக்குச் சொல்லியும் விடும். அதனால் அசலை வைத்துக்கொண்டு நகலை விலக்குகிறது. அந்தப் பட்டியல் அப்படித்தான் இருக்க வேண்டும்.

திரும்பத் திரும்பக் கோரிக்கை கொடுப்பதால் வரிசையில் முன்னுக்குப் போக முடியாது. கூகுளே தன் உதவிப் பக்கத்தில் இதைச் சொல்லியிருக்கிறது. ஒருமுறை கொடுத்தால் போதும்.

செவ்வந்தி:

நானும் தமிழில்தான் எழுதுகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

‘கிரால்டு’ என்று வந்தால் கூகுளின் ரோபோ உங்கள் பக்கத்துக்கு வந்து படித்துவிட்டுப் பட்டியலில் சேர்க்காமல் போயிருக்கிறது என்று பொருள். ‘டிஸ்கவர்டு’ என்று வந்தால் முகவரி தெரியும், இன்னும் வந்து படிக்கவில்லை. உங்களுக்கு இருப்பது முதல் வகை. பக்கத்தைத் திறப்பதில் தடை எதுவும் இல்லை. அதனால் டெம்ப்ளேட்டையும் செட்டிங்ஸையும் நோண்டுவதற்கு முன் கட்டுரையைப் பார்ப்போம்.

நீங்கள் போட்ட தொடக்கப் பத்தியில் தக்காளியை எடுத்துவிட்டுக் கத்தரிக்காயைப் போடுங்கள், ரசத்தைப் பொரியலாக்குங்கள். வேறு எதையும் தொடாமலேயே கத்தரிக்காய்க் கட்டுரைக்குப் பொருந்திவிடும். இப்படி எதற்கும் பொருந்துகிற பத்தி தேடி வந்தவருக்கு எதுவும் தராது. இதே போன்ற பத்திகள் இணையத்தில் ஏற்கெனவே குவிந்து கிடப்பதால், இன்னொன்றை எடுத்துவைக்க கூகுளுக்கும் காரணம் இல்லை.

தேடுகிறவர் யார் என்று யோசியுங்கள். காலையில் தண்ணீர் விட மாடிக்குப் போகிறார். பச்சைக் காயின் அடியில் ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்பு. போனை எடுத்து ‘தக்காளி அடி கருப்பா இருக்கு’ என்று தட்டுகிறார், அல்லது மைக்கை அமுக்கிச் சொல்கிறார். அவர் ‘மகத்தான மகசூல்’ என்று தேடப் போவதில்லை. உங்கள் கட்டுரையில் இந்தக் கறுப்பு பற்றி எழுதியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன், ஆனால் விதை, மண், உரம், பந்தல் எல்லாம் தாண்டி எங்கோ அடியில் இரண்டு வரியாக இருக்கும். அதை வெளியே எடுத்துத் தனிக் கட்டுரையாக்குங்கள். அவர் கண்ணால் பார்ப்பதைத் தலைப்பில் சொல்லுங்கள். முதல் மூன்று வரிக்குள் காரணமும், இப்போது செய்ய வேண்டியதும் வந்துவிட வேண்டும். விளக்கம் அதற்குப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் வரட்டும்.

பிரிக்கச் சொன்னதற்காக ஒரே கேள்வியை ஐந்து பக்கமாக உடைக்க வேண்டாம். ‘காரணங்கள்’, ‘தீர்வுகள்’, ‘தடுப்பது எப்படி’ என்று மூன்று பக்கம் போட்டால் மூன்றும் ஒன்றுக்கொன்று போட்டியாகி, ஒன்றும் தேறாமல் போகும். வாசகரின் ஒரு கேள்விக்கு ஒரு பக்கம்.

சொற்களின் எண்ணிக்கைக்கு கூகுள் எந்த அளவும் வைக்கவில்லை. பதில் முழுதாக இருந்தால் 400 சொல்லும் போதும். முக்கியச் சொல்லைப் பத்திக்குப் பத்தி திணிப்பது அவர்களுடைய ஸ்பேம் விதிகளிலேயே தப்பு என்று இருக்கிறது. தமிழில் அது இன்னும் மோசமாகத் தெரியும், இரண்டாவது பத்தியிலேயே வாசகர் போய்விடுவார். தக்காளியில், தக்காளிக்கு, தக்காளிச் செடியை என்று எழுத்தின் போக்கில் வருகிறபடி வரட்டும்.

உங்களிடம் இருக்கிற பெரிய பலம் நீங்களே செடி வளர்ப்பது. கூகுளின் தேடல் முடிவுகளை மதிப்பிடுகிற ஆட்களுக்கான கையேட்டில் 2022 டிசம்பரில் ‘நேரடி அனுபவம்’ என்பதையும் ஒரு அளவுகோலாகச் சேர்த்தார்கள். இதற்குத் தனியாக மதிப்பெண் கிடையாது, ஆனால் கூகுள் எந்தத் திசையில் போகிறது என்று தெரிகிறது. உங்கள் மாடியில் எடுத்த படம், எந்த மாதத்தில் வந்தது, எந்த அளவுப் பையில் வைத்தீர்கள், என்ன செய்தபின் நின்றது: இவற்றை மொழிபெயர்ப்புக் கட்டுரை போடுகிறவர் தர முடியாது.

சரி, எந்தக் கேள்விகளை எடுப்பது? சர்ச் கன்சோலில் பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையைத் திறந்து, தக்காளிக் கட்டுரையை மட்டும் வடிகட்டி, ‘க்வெரிஸ்’ (தேடப்பட்ட சொற்கள்) பட்டியலைப் பாருங்கள். 16 மாதத்துத் தரவு வரை கிடைக்கும். நிறையத் தடவை காட்டப்பட்டும் கிளிக் விழாத தேடல்கள் எவை என்று இங்கே போடுங்கள்.

கலைவாணன்:

மெட்டா கீவேர்டு (பக்கத்தின் நிரலில் எழுதும் முக்கியச் சொற்களின் பட்டியல்) போட்டிருக்கிறீர்களா? அது இல்லாமல் கூகுளுக்கு எப்படித் தெரியும்?

ஈரோட்டான்:

நண்பரே, மெட்டா கீவேர்டைத் தேடல் வரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2009-லேயே கூகுள் வெளிப்படையாக அறிவித்துவிட்டது. அதற்குச் செலவிடும் நேரத்தில் மெட்டா விவரணையை (பக்கத்தின் சுருக்கத்தை) ஒழுங்காக எழுதலாம். அதுவும் வரிசையை உயர்த்தாது, ஆனால் தலைப்புக்குக் கீழே வரும் இரண்டு வரியாக அதை கூகுள் எடுத்துக்காட்ட வாய்ப்பு உண்டு. படித்துவிட்டுத்தானே கிளிக் செய்வார்கள்?

நிரல்நேசன்:

செவ்வந்தி அக்கா சொன்னதுதான் முதல் வேலை. ஆனால் பிளாகரில் எழுதும் தமிழர்கள் பலர் கவனிக்காத இரண்டு நுட்ப விஷயங்கள் உண்டு.

ஒன்று, பழைய கட்டுரைகளுக்கான பாதை. பிளாகரின் ரோபோட்ஸ் கோப்பு (ரோபோ எங்கே போகலாம் என்று சொல்லும் கோப்பு) ‘சர்ச்’ என்று தொடங்கும் முகவரிகளை ரோபோவுக்கு மூடிவைக்கிறது. லேபிள் (கட்டுரைகளை வகைப்படுத்தும் குறிச்சொல்) பக்கங்கள் அந்த முகவரியில்தான் இருக்கின்றன. முகப்பின் அடியில் ‘பழைய இடுகைகள்’ என்று வருகிற இணைப்பும் அப்படியே. லேபிள் போட்டுவிட்டோம், எல்லாம் இணைந்திருக்கிறது என்று நாம் நினைப்போம். ரோபோ அந்த வழியாகப் போகாது. சைட்மேப் (தளத்தின் முகவரிப் பட்டியல்) மூலம் முகவரி தெரிந்தாலும், உங்கள் தளத்தின் உள்ளேயே எந்தக் கட்டுரையும் சுட்டாத பக்கம் முக்கியமற்றதாகத் தெரியும். அதனால் கட்டுரைக்குள்ளேயே கையால் இணைப்புக் கொடுங்கள். மண் கலவை பற்றிப் பேசும் இடத்தில் மண் கலவைக் கட்டுரைக்கு. ‘இங்கே சொடுக்கவும்’ என்ற சொல்லின் மேல் போடாமல், ‘தொட்டிக்கான மண் கலவை’ என்ற சொற்களின் மேலேயே இணைப்பு இருக்கட்டும்.

இரண்டு, முகவரி. தமிழ்த் தலைப்பு வைத்தால் பிளாகர் தமிழ் எழுத்துகளை விட்டுவிட்டு ‘பிளாக்-போஸ்ட்’ என்று ஏதோ ஒரு பெயரைப் போட்டுவிடும். இனி எழுதுகிறவற்றுக்கு, வெளியிடும் முன் வலப்பக்கம் பெர்மாலிங்க் பகுதியில் ‘கஸ்டம்’ தேர்ந்து, தக்காளி-அடி-கருப்பு என்பதை ஆங்கில எழுத்தில் நடுவே சிறுகோடு போட்டுக் கொடுங்கள். பழையவற்றை இதற்காக மாற்ற வேண்டாம். இதன் பலன் சிறியது, மாற்றினால் வாட்ஸப்பில் பகிர்ந்த பழைய இணைப்புகள் உடையும்.

நாளைக்கு வேர்ட்பிரஸுக்கு (பிளாகர் போன்ற இன்னொரு மென்பொருள்) போனால் அங்கே வேறு சிக்கல். தமிழ் முகவரியை அப்படியே ஏற்கும், ஆனால் உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக விரியும். ‘தமிழ்’ என்ற சொல்லே (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறி) 45 எழுத்து. முகவரிக்கு அங்கே 200 தான் எல்லை, இருபத்திரண்டு குறிக்கு மேல் வெட்டிவிடும். தமிழ் முகவரியை கூகுள் நன்றாகவே படிக்கும், அதில் குறை இல்லை. ஆனால் நகல் எடுத்து அனுப்பினால் பார்க்கிறவர் மிரண்டு போவார்.

தோட்டத்துக்காரி:

லேபிள் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. நன்றி தம்பி.

செவ்வந்தி அக்கா, பட்டியலைப் பார்த்தேன். அந்தத் தக்காளிப் பக்கம் இன்டெக்ஸ் ஆன பக்கங்களில் ஒன்று. அதிகமாக வந்த தேடல்கள்: ‘தக்காளி காய் அடி கருப்பு’, ‘தக்காளி அடியில் அழுகல்’, ‘தக்காளி இலை சுருட்டல் மருந்து’, ‘தக்காளி பூ உதிர காரணம்’. கிளிக் அநேகமாக இல்லை. சராசரி இடம் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது.

முதல் கேள்விக்கு இப்படி எழுதிப் பார்த்தேன். தலைப்பு: ‘தக்காளிக் காயின் அடி கருப்பாகிறதா? காரணமும் செய்ய வேண்டியதும்’.

“காயின் அடி கறுத்துக் குழிவிழுந்தால் அது பூச்சியும் இல்லை, தொற்றுநோயும் இல்லை. காய்க்குப் போதுமான கால்சியம் போய்ச் சேராததால் வருவது. தொட்டியில் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம்: ஒருநாள் மண் காய்ந்து வெடிப்பது, மறுநாள் ஊற்றித் தள்ளுவது. கறுத்த காய்களைப் பறித்துவிடுங்கள், அவை தேறாது. இன்றிலிருந்து மண் ஒரே ஈரத்தில் இருக்கும்படி தண்ணீர் விட்டு, மேலே காய்ந்த இலையோ தென்னைநாரோ போட்டு மூடுங்கள். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் மூன்று நாளில் சரியாகிவிடும்.”

செவ்வந்தி:

இதுதான் வேண்டும்! கடைசி வரியைத் தவிர மற்றதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. முட்டை ஓடு மண்ணில் மட்க மாதக்கணக்கில் ஆகும், இப்போது காய்த்திருக்கிற காய்க்கு உதவாது. நம்பிப் போட்டுவிட்டு நாலாம் நாள் அதே கறுப்பைப் பார்க்கிறவர் உங்கள் மற்ற கட்டுரையையும் நம்ப மாட்டார். ‘அடுத்த நடவுக்கு மண் கலக்கும்போது சேர்க்கலாம்’ என்று மாற்றுங்கள். தழைச்சத்து உரம் அதிகமானாலும் இந்தக் கறுப்பு கூடும், அதையும் ஒரு வரி சேருங்கள்.

படத்துக்கு மேலேயே எழுத்துப் பதித்து வைக்கும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கறுத்த காயின் படத்தை வெறுமனே போட்டு, மாற்று உரையில் (படத்தில் இருப்பதைச் சொல்லும் குறிப்பு) ‘அடி கறுத்த பச்சைத் தக்காளி’ என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கேமராவில் எடுத்த கோப்பை அப்படியே ஏற்றாமல் அளவைக் குறையுங்கள். பக்கத்தைத் திறந்ததும் தெரியும் மிகப் பெரிய படமோ பத்தியோ 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு.

அப்புறம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் தளத்தைத் திறந்து பார்த்தேன். கத்தரி, குடைமிளகாய், முள்ளங்கிக் கட்டுரைகளின் நடை உங்கள் நடையாக இல்லையே? ‘வசந்த காலத்தில் கடைசி உறைபனி முடிந்தபின் நாற்றை வெளியே நடவும்’ என்று இருக்கிறது.

தோட்டத்துக்காரி:

அவை காசு கொடுத்து எழுதி வாங்கியவை அக்கா. தளம் நிறைவாகத் தெரிய வேண்டும் என்று ஒருவர் கட்டுக்கட்டாக எழுதித் தந்தார். இன்டெக்ஸ் ஆகாத பட்டியலை இப்போது திரும்பப் பார்த்தால், பெரும்பாலும் அவைதான். அழித்துவிடட்டுமா?

செவ்வந்தி:

ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற ஊரில் உறைபனிக்கு எங்கே போவது! ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் போட்டு எடுத்தது அது. இயந்திரம் எழுதியது என்பதற்காக கூகுள் ஒதுக்குவதில்லை, 2023 பிப்ரவரியில் அதைத் தெளிவாகவே சொன்னார்கள். யாருக்கும் பயன்படாத பக்கங்களை மொத்தமாகக் குவிப்பதைத்தான் 2024 மார்ச்சில் தனி விதி போட்டுத் தடுத்தார்கள்.

நீங்களே வளர்த்த செடி என்றால் அதே முகவரியில் முழுதாகத் திருத்தி எழுதுங்கள். வளர்க்காத செடி என்றால் தயங்காமல் எடுத்துவிடுங்கள். இல்லாத பக்கத்துக்கு 404 (பக்கம் இல்லை என்ற செய்தி) வருவது இயல்பு, அதற்காகத் தளத்தைத் தண்டிக்க மாட்டார்கள். எல்லா முகவரியையும் முகப்புக்குத் திருப்பிவிடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், முள்ளங்கி தேடி வந்தவருக்கு முகப்பால் என்ன பயன்? உள்ளே ஒன்றும் மாற்றாமல் தேதியை மட்டும் புதிதாக்குவதும் வேண்டாம்.

ஈரோட்டான்:

திருத்தியபின் சர்ச் கன்சோலின் யூஆர்எல் இன்ஸ்பெக்ஷனில் ஒருமுறை கோரிக்கை கொடுத்துவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போங்கள். சில நாளிலும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். எல்லாப் பக்கமும் கட்டாயம் ஏறும் என்ற உத்தரவாதம் யாருக்கும் கிடையாது.

தோட்டத்துக்காரி:

சரி அண்ணா. குடைமிளகாய், முள்ளங்கி இரண்டையும் எடுத்துவிட்டேன். கத்தரியை நானே எழுதுகிறேன். அடுத்ததாக இலைச் சுருட்டலை எடுக்கப் போகிறேன். மருந்து கேட்டுத் தேடுகிறவர்களிடம் மருந்து இல்லை என்று எப்படிச் சொல்வது? சுருண்ட செடி தேறாது, வெள்ளை ஈயால் பரவும் வைரஸ் அது.

செவ்வந்தி:

அதையே முதல் வரியில் சொல்லுங்கள். மருந்துக்குக் காசு செலவழிக்கப் போகிறவருக்கு அதைவிட உதவியான பதில் இல்லை. அடுத்த வரியில், நோய் முற்றிய செடியைப் பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்தவும், பக்கத்துச் செடிகளுக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி (பூச்சி ஒட்டிக்கொள்ளும் அட்டை) கட்டவும் சொல்லிவிடுங்கள். எல்லாச் சுருட்டலும் வைரஸ் இல்லை, கடும் வெயிலிலும் இலை மடங்கும். இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்று அருகருகே படம் போடுங்கள். வெள்ளை ஈயைக் காட்டும் படம் இலையின் அடிப்பக்கத்தில் எடுத்ததாக இருக்கட்டும், ஏனென்றால் அது அங்கேதான் உட்காரும்.